கண்ணழுத்தமும் நெஞ்சழுத்தமும்

இனி என் கண்ணில் ஒரு சொட்டு மருந்துகூட விழாது என்று நான் சபதம் செய்தது குளியலறையில். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, மனசுக்குள். எங்கள் வீட்டில் சத்தமாகச் சபதம் செய்யும் உரிமை என் மனைவிக்கு மட்டும்தான் உண்டு.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளன். இந்த ஊரில் பாதி மூக்குகளின் மேல் உட்கார்ந்திருப்பது நான் உட்கார வைத்ததுதான். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகை எனக்குத் தலைகீழ்ப் பாடம். கடைசி வரியைக் கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பேன். அதை வைத்துத்தான் என் பார்வை அபாரமாக இருக்கிறது என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பேர்ப்பட்டவனை என் மனைவி கண் ஆஸ்பத்திரிக்குக் கடத்திக்கொண்டு போனாள்.

"ஏங்க, தலை வலிக்குது. கண்ணைக் காட்டணும். துணைக்கு வாங்க."

துணைக்குத்தான் போனேன். அங்கே நர்ஸ் கூப்பிட்டது என் பெயரை.

"தலைவலி உனக்குத்தானே?"

"ஆமா. அந்தத் தலைவலியையும் ஒரு தடவை காட்டிடலாம்னுதான் கூட்டிட்டு வந்தேன்."

தலைவலி என்று சொன்னதே என்னைப் பரிசோதனைக்கு இழுத்துவரும் தந்திரம் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. என்னை யாரும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

டாக்டரம்மா நிதானமானவர். என் கண்ணின் அழுத்தத்தை அளந்தார். மறுபடி அளந்தார். பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். டாக்டர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டால் நல்ல செய்தி வராது.

"ரெண்டு கண்ணுலயும் அழுத்தம் அதிகமா இருக்கு. க்ளாக்கோமா. வலி இருக்காது, சொல்லாம கொள்ளாம வரும். ஓரத்துலேர்ந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாப் போகும். போனது திரும்பாது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்தலாம். அதுக்குத்தான் சொட்டு மருந்து. தினம் சாயங்காலம், கண்ணுக்கு ஒரு சொட்டு."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"ஆயுசுக்கும்."

"நல்லதா ஒரு கண்ணாடி போட்டுக்கிட்டா?"

"கண்ணாடியால இதுக்கு ஒண்ணும் ஆகாது."

என் பிழைப்பையே ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார். பக்கத்தில் என் மனைவி தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சோப்பு வாங்கினாலே கடைக்காரரை நாலு கேள்வி கேட்பவள், அன்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எனக்காக இடிந்துபோய் இருக்கிறாள் என்று நினைத்து, அந்த நிலையிலும் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

அடுத்து இன்னொரு சோதனை. பெரிய கிண்ணம் மாதிரி ஒரு மிஷின். அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டு நடுவிலேயே பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் வெளிச்சப் பொட்டு மின்னினாலும் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். தேறியே தீருவது என்று, கதவு திறக்காத வீட்டின் அழைப்புமணியை அழுத்துவதுபோல் அழுத்தித் தள்ளினேன்.

"சார், வெளிச்சம் வராதப்பவும் அழுத்துறீங்க" என்றார் சோதனை செய்தவர்.

"இனிமே வரப்போற வெளிச்சத்துக்கும் சேர்த்து அழுத்திட்டேங்க."

அவர் சிரிக்கவில்லை. திரும்ப உட்கார வைத்தார். இரண்டாம் முறை ஒழுங்காக அழுத்தினேன். அச்சாகி வந்த படத்தில், இடது கண்ணின் ஓரத்தில் ஒரு துண்டு கறுப்பாக விழுந்திருந்தது. இத்தனை நாளும் அங்கே பார்வை இல்லை என்பதே எனக்குத் தெரியாது.

முதல் சில நாட்கள் மனைவிதான் மருந்து போட்டுவிட்டாள்.

"மேல பாருங்க."

"பார்த்துட்டேன். ஃபேன்ல தூசி."

"வாயை மூடுங்க."

"மருந்து கண்ணுக்குத்தானே?"

"வாயை மூடினாத்தான் கண்ணு ஆடாது. ம்... ஒரு சொட்டுதான். ரெண்டாவது விட்டா கன்னத்துக்குத்தான் வைத்தியம். இப்ப கண்ணை மூடிட்டு, மூக்கோரம் விரலை வச்சு அழுத்திக்குங்க. இல்லன்னா மருந்து தொண்டைக்கு இறங்கிடும்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களைத் தவிர எல்லாருக்கும் எல்லாம் தெரியும்."

டாக்டரம்மா அளந்தது என் கண்ணழுத்தத்தை. என் மனைவியின் நெஞ்சழுத்தத்தை அளக்க இன்னும் மிஷின் வரவில்லை.

மருந்து எரிந்தது. மறுநாள் கண் சிவந்தது. கடையில் வாடிக்கையாளர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். ஒருவர் ஃப்ரேமை வைத்துவிட்டு, "அண்ணே, வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். முதலாளி என்னைக் கவுண்டரிலிருந்து எழுப்பி, உள்ளே கண்ணாடி துடைக்க அனுப்பினார். சபதத்துக்கு நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம் இதுதான்.

உண்மைக் காரணம் பயம். மருந்து போடும்போதெல்லாம், நீ குருடாகிக்கொண்டிருக்கிறாய் என்று யாரோ காதில் சொல்வதுபோல் இருந்தது. போடாவிட்டால் எனக்கு நோயே இல்லை. எழுத்துப் பலகை தெரிகிறது, பஸ் நம்பர் தெரிகிறது, பிறகு என்ன? முட்டாள்தனம் என்று தெரிந்தேதான் நினைத்தேன்.

"இனிமே நானே போட்டுக்குறேன்" என்றேன் ஒருநாள்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "போட்டுப்பீங்களா?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா நம்பிக் குடுப்பேன்" என்று சொல்லி, பாட்டிலைக் கையில் வைத்தாள்.

குளியலறை ஜன்னலில் ஒரு தொட்டிச் செடி இருந்தது. சாயங்காலமானால் உள்ளே போவேன். தாழ் போடுவேன். மருந்துக் கணக்கு சரியாகக் குறைய வேண்டுமே, அதனால் செடிக்கு இரண்டு சொட்டு. எனக்குக் குழாய்த் தண்ணீர். ஊரில் அடுத்தவர் கண்ணில் மண்ணைத் தூவுவார்கள். நான் என் கண்ணிலேயே தண்ணீரைத் தூவிக்கொண்டு, துண்டும் கையுமாகச் சிமிட்டிச் சிமிட்டி வெளியே வருவேன்.

"எரியுதா?"

"ரொம்ப."

"எரியட்டும். எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

என் நடிப்பை மெச்ச ஆளில்லையே என்று வருத்தமாகக்கூட இருக்கும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும் மனைவியையே ஏமாற்றிவிட்டேன். கடையில் கண் வெள்ளை வெளேர் என்று ஆனது. முதலாளி என்னைத் திரும்பக் கவுண்டரில் உட்கார வைத்தார்.

அதுமட்டுமா, வீட்டில் என் செல்வாக்கே உயர்ந்தது. எங்கள் ஸ்கூட்டரை எப்போதும் அவள்தான் ஓட்டுவாள். நான் பின்னால் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். திடீரென்று ஒருநாள் சாவியை என்னிடம் நீட்டி, "இனிமே நீங்களே ஓட்டுங்க, எனக்கு முதுகு வலிக்குது" என்றாள். முன் சீட்டுக்கு வந்துவிட்ட சந்தோஷத்தில் அந்த முதுகை நான் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

ஆனால் தடுமாற்றம் மட்டும் அவளுக்கு அதிகமாயிற்று. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வாள். ஸ்டூலில் கால் தட்டுவாள்.

"இந்த ஸ்டூலை யாரு இங்க வச்சது?"

"நீதான். கல்யாணமான புதுசுல வச்ச. அன்னிலேர்ந்து அங்கதான் இருக்கு."

"இருந்தா? சொல்ல வேண்டாமா?"

ஸ்டூல் இருக்கிற இடத்தில் இருப்பதற்கும் நானே திட்டு வாங்கினேன்.

இடையில் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தாள். "உள்பக்கம் கோடு கோடா விழுது. துடைச்சுத் துடைச்சுக் கை வலிக்குது. என்னமோ பண்ணுங்க."

ஒரே பார்வையில் கண்டுபிடித்தேன். இமை முடி கண்ணாடியில் உரசுகிறது. மூக்கில் பதியும் நோஸ் பேடைச் சின்னக் குறடால் கொஞ்சம் உள்ளே வளைத்தால் ஃப்ரேம் முன்னால் தள்ளி நிற்கும். வளைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் திரும்பவும் உரசியது. திரும்பவும் வளைத்தேன். இத்தனை வருஷம் உரசாத இமை இப்போது ஏன் உரசுகிறது என்று கேட்க இந்த மேதைக்குத் தோன்றவில்லை.

இப்படியே சில மாதம் ஓடியது. போன வாரம் ஒரு சாயங்காலம். துண்டோடு வெளியே வந்தேன். ஹாலில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"இங்க வாங்க. ஜன்னல் பக்கம் திரும்புங்க."

தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். கல்யாணமான புதுசில்கூட அப்படிப் பிடித்ததில்லை. எனக்கு லேசாக வெட்கமாக இருந்தது.

"மருந்து போடுறீங்களா?"

"தினமும்."

"ரெண்டு கண்ணுலயும்?"

"ரெண்டு கண்ணு மேல சத்தியமா."

"அப்புறம் ஏன் இமை முடி வளரல?"

"அது என்ன புல்லா, தண்ணி ஊத்தினா வளர?"

"தண்ணி ஊத்தினா வளராது. இந்த மருந்து ஊத்தினா வளரும். நீளமா, கறுப்பா. இத்தனை மாசத்துல உங்களுக்குப் பொம்மைக் கண்ணு மாதிரி ஆகியிருக்கணும்."

"டாக்டரம்மா என்கிட்ட இதைச் சொல்லலையே."

"உங்ககிட்ட சொல்லல."

"பின்ன யார்கிட்ட சொன்னாங்க?"

கண்ணாடியைக் கழற்றினாள்.

எத்தனையோ பேர் கண்ணாடியைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். மூக்கைப் பார்ப்பேன், காதைப் பார்ப்பேன். கண்ணைப் பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். இமை முடிகள் நீண்டு, கறுத்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நின்றன. கண்ணைச் சுற்றித் தோலும் கறுத்திருந்தது. தூக்கமில்லாத கறுப்பு என்று நினைத்து, சீக்கிரம் படு என்று அவளுக்கு உபதேசம் வேறு செய்திருக்கிறேன்.

"எப்பலேர்ந்து?"

"பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடிலேர்ந்து."

"அன்னிக்குத் தலைவலின்னு சொன்னது?"

"எனக்குத்தான் அன்னிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. உங்களையும் சேர்த்துக் காட்டினேன்."

"மருந்து எங்க வச்சிருக்க?"

"ஃப்ரிட்ஜ் கதவுல, வெண்ணெய் டப்பாவுக்குப் பின்னால. நீங்க எதையாவது நகர்த்திப் பார்த்தாத்தானே?"

அதே ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்க வாய் வரவில்லை. கையை அவள் இடது காதுப் பக்கம் நீட்டி, மெல்ல முன்னால் கொண்டுவந்தேன்.

"என் கை தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

கை கிட்டத்தட்ட அவள் மூக்குக்கு நேரே வந்துவிட்டது.

"இப்ப தெரியுது. நகம் வெட்டல நீங்க."

இவள் என்னை முதன்முதலாகப் பார்த்தது பஸ் ஸ்டாப்பில், ஓரக்கண்ணால். அந்தப் பார்வைக்குத்தான் நான் விழுந்தேன், இன்னும் எழுந்திருக்கவில்லை. அந்த ஓரக்கண் எப்போது போனதென்று எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே தெரியாமல் இருந்திருக்கிறேன். குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

"ஏன்டி சொல்லல?"

"எந்தக் கண்ணு வந்தாலும் அதுக்கு ஒரு கண்ணாடி இருக்குன்னு சொல்றவர் நீங்க. என் கண்ணுக்கு இல்லன்னு உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

நான் இன்னும் சத்தமாக அழுதேன்.

"நல்லா அழுங்க. மருந்து போட்டிருந்தா கழுவிட்டுப் போயிடுமேன்னு பயப்படணும். உங்களுக்கு அந்தக் கவலையும் இல்ல."

"செடிக்கு ஊத்துனது உனக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத்தான் தெரியும். நீங்க இப்ப சொன்னீங்களே."

பிறகு அவளும் கீழே உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் பேசினாள். அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

"எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது. வலிக்கல, அதனால போகல. அதான் உங்களை முன்னாடியே இழுத்துட்டுப் போனேன். இந்த வீட்ல ஒரு ஜோடிக் கண்ணாவது இருக்கட்டும். நாளைக்கு எனக்கு மொத்தமாப் போயிட்டா, ரோட்டைத் தாண்டி விட, கடிதாசி வந்தா படிச்சுச் சொல்ல, பேரப்பிள்ளை யார் ஜாடைன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல? பொண்ணு அவ வீட்டைப் பார்ப்பாளா, நம்மளைப் பார்ப்பாளா?"

அவள் நம்பியிருந்த அந்த ஒரு ஜோடிக் கண்ணைத்தான் நான் தினமும் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். செடிக்கு இந்நேரம் அழுத்தம் நன்றாகக் குறைந்திருக்கும்.

பாட்டிலை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். எனக்கு இரண்டு சொட்டு விட்டாள். எரிந்தது, வாயே திறக்கவில்லை. அவள் மருந்தை நானே போடுகிறேன் என்று வெண்ணெய் டப்பாவை நகர்த்தி எடுத்துவந்தேன். முதல் சொட்டு மூக்கில், அடுத்தது கன்னத்தில்.

"கண்ணு இன்னும் கொஞ்சம் மேல இருக்கு" என்றாள்.

ஒருவழியாக விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு மூக்கோரம் விரலை வைத்து அழுத்தினாள். மூடிய கண்ணிலிருந்து ஒரு கோடு இறங்கியது. அது மருந்து என்று நானும் எடுத்துக்கொண்டேன்.

வாழ்க்கையில் முதல்முறையாக, வீட்டில் சத்தமாக ஒரு சபதம் செய்தேன்.

"இனிமே நீ எதுக்கும் பயப்படாத. உனக்கு ஓரம் தெரியலன்னா என்ன? எங்க போனாலும் உன் பக்கத்துலயே இருப்பேன்."

கண்ணைத் திறந்தாள். என்னைத் தேடி முகத்தைத் திருப்பினாள்.

"பக்கத்துல இருந்தா எனக்குத் தெரியாதுங்க. நேரா இருந்தாத்தான் தெரியும். இனிமேலாவது கொஞ்சம் நேரா இருங்க."