கோப்பில்லாத காளை

மனித அறிவு இதுவரை ஏறிய உச்சி எங்கள் கால்நடை அலுவலகத்தின் முதல் மாடியில்தான் இருக்கிறது. அங்கே நான் எழுத்தர். நோய் அண்டாத பரம்பரையில் வந்த ஒரு காளையைத் தேர்ந்தெடுத்து, ஊர்ப் பசுக்களுக்கெல்லாம் அதன் சினை ஊசியைப் போடும் 'மாபெரும்' திட்டம் எங்களுடையது.

முதலில் வந்தவர் பால்காரம்மா. இளங்காளை ஒன்றைக் கூடவே பிடித்து வந்திருந்தார்.

"போன வருஷம் தெரு முழுக்கக் கோமாரிங்க. எங்க வீட்டுல மட்டும் வரல. இவன் அம்மாவுக்கும் வந்ததில்ல, பாட்டிக்கும் வந்ததில்ல. நீங்க எடுத்துக்கலைன்னா வித்துடணும். தீவனம் போட்டு மாளல."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இயக்குநர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "கோப்பு எங்கம்மா?"

"என்ன கோப்புங்க?"

"ஆஸ்பத்திரிக் கோப்பு. நோய் வந்ததும் தொறப்பாங்களே!"

"நோயே வரலையேங்க!"

"அதான் சிக்கல். நோய் வந்த பதிவே இல்லாம, நோயை எதிர்த்துச்சுன்னு எப்படி நம்புறது? ஒரு தடவை படுக்கட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க."

"தெனமும் மத்தியானம் படுக்கும்ங்க, அசைபோட. அதை எழுதிக்குவீங்களா?"

எழுதிக்கொள்ளவில்லை. தேர்வுக் குழு மூன்று மணி நேரம் கூடியது. வந்த கோப்புகளைத் தராசில் வைத்து நிறுத்தோம். இரண்டே கால் கிலோவுடன் ஒரு கிழக்காளை வென்றது.

"பதினேழு காய்ச்சல், மூணு கோமாரி! அத்தனையோடவும் சண்டை போட்டு உயிரோட நிக்குதே, இதுக்கு மேல என்னய்யா எதிர்ப்புச் சக்தி வேணும்?" என்று இயக்குநர் தழுதழுத்தார். புகைப்படம் எடுக்கும்போது அந்த வீரனை இரண்டு பேர் தாங்கிப் பிடித்தோம்.

முடிவு தெரியும்வரை காத்திருந்த பால்காரம்மா சோர்ந்துபோய்த் தெருமுனை திரும்புவதற்குள் எங்கள் ஜீப் டிரைவர் ஓடிப்போய் மறித்தார்.

"அக்கா, வித்துடாதீங்க! ஐயா தன்னோட வீட்டுப் பசுவை நாளைக்கு அனுப்புறாராம். வர்றப்போ தீவனமும் கொண்டுவரச் சொல்லியிருக்காரு."

"கோப்பு கேட்டாரே தம்பி?"

"அதெல்லாம் ஊருக்குத்தான் அக்கா."

ஒரு வருடம் ஆகிறது. இளங்காளை கொழுகொழுவென்று இருக்கிறது. பால்காரம்மா வாசலில் முதலில் இயக்குநரின் பசு, பிறகு குழு உறுப்பினர்களின் பசுக்கள், கடைசியில் என்னுடையது. எங்கள் கன்றுகள் துள்ளுகிற துள்ளலில் கயிறு நிற்பதில்லை.

உங்கள் வீட்டுக் கன்று இருமிக்கொண்டே இருக்கிறதா? கவலை வேண்டாம். அதன் தகப்பனை உங்களுக்கென்றே நாங்கள் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தோம்.