என் பெண்டாட்டிக்கு நான் டாக்டர் பிடித்த விதம்

ஃபிங்கர் ஓடை, கென்டக்கி
மே மாதக் கடைசி

என்றும் மாறாத அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

தம்பி ஹெர்ஷல் வணக்கத்துடன் எழுதுவது. டேட்டனில் உன் முழங்கால் வலி தணிந்திருக்கும், அத்தானுக்கும் உனக்கும் கர்த்தர் நல்ல தூக்கம் கொடுத்துக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம். இதைப் போன மாதம் எழுதியிருந்தால் பொய்யாகியிருக்கும். அதனால்தான் கடிதமே போடவில்லை.

விஷயம் ஓனீடாவைப் பற்றியது. தம்பி அக்காவிடம் சொல்லக் கூசுகிற விஷயம்தான். ஆனால் இந்த ஒரு மாதத்தில் முன்பின் தெரியாத எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன், உன்னிடம் சொல்வதற்கென்ன. அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. மாதவிலக்கு நின்று வருடக்கணக்காகிறது. திரும்பவும் உதிரம் பட ஆரம்பித்திருக்கிறது. அவள் வாயைத் திறக்கவில்லை. நான் துணி துவைக்கப்போய்த் தெரிந்துகொண்டேன்.

"எத்தனை நாளா இது?" என்றேன்.

"பொம்பளை சமாச்சாரம். உனக்கெதுக்கு?"

"உங்கம்மாவும் ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாணலியில் இருந்த சோள ரொட்டியைக் குத்திக் குத்திப் பார்த்தாள். அவள் அம்மாவைப் புதைத்த அன்று மழை பெய்தது உனக்கு நினைவிருக்கும்.

சுரங்கம் மூடியதிலிருந்து எங்களுக்கு அரசாங்கக் காப்பீட்டு அட்டைதான். அட்டை நல்ல அட்டை, மினுமினு என்று இருக்கிறது. அதை வாங்கிக்கொள்கிற பெண்கள் டாக்டர்தான் இல்லை. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவப் பிரிவை மூடியபோதே அங்கே இருந்த டாக்டரம்மாவும் மூட்டை கட்டிவிட்டார். காப்பீட்டுக்காரர்களைக் கேட்டேன். கொஞ்சம் பேர்களும் நம்பர்களும் அனுப்பினார்கள். முதல் நம்பரை எடுத்தது ஒரு வயதான அம்மாள். "டாக்டர் இருக்காரா?"ன்னேன். "இல்லப்பா, அவர் செத்து ரெண்டு வருஷமாச்சு. நான் அவர் சம்சாரம்"னாங்க. வெடுக்கென்று வைத்துவிட மனசு வரவில்லை. பேசிக்கிட்டே இருந்தாங்க. கடைசியில சனிக்கிழமை போய் அவங்க வீட்டுக் கூரைத் தண்ணிக் குழாயைச் சரிபண்ணிக் கொடுத்துட்டு வந்தேன்.

அடுத்த நம்பர்ல ஒரு ஆள், ரொம்பத் தன்மையாப் பேசினார். "ஓனீடாவுக்கு ரத்தம் படுது"ன்னேன். "அடடா, எத்தனை போட்டிருக்கு?"ன்னார். டாக்டருங்க இப்ப இப்படித்தான் பேசுவாங்க போலன்னு நெனச்சு "மூணு"ன்னேன். "தீனி எடுக்குதா?" "எடுக்குது." "வயசு?" "அம்பத்தெட்டு." அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம், "ஐயா, கழுதைகூட அவ்வளவு நாள் இருக்காதே, நீங்க எந்த மிருகத்தைச் சொல்றீங்க?"ங்கறார். மாட்டு வைத்தியராம்!

மூணாவது இடத்துல ஒரு பொண்ணு, "இந்த அட்டைக்குக் கர்ப்பிணிகளை மட்டும்தான் பார்ப்போம்"னு சொல்லிச்சு. "என் பெண்டாட்டி ஒண்ணும் சாராள் இல்லம்மா, இந்த வயசுல பெத்துக்க"ன்னேன். "சாராளா? ஓனீடான்னுதானே சொன்னீங்க? முதல்ல பேரைச் சரியாச் சொல்லுங்க"ன்னுது. வேதாகமத்துல கிழவி சாராள் பிள்ளை பெத்த கதையைக் கேட்டதே இல்ல போல. லெக்சிங்டன்ல ஒரு டாக்டர் அட்டையை வாங்கிப்பாராம். ஆனா புது ஆளுங்களுக்கு இலையுதிர் காலத்துக்கு அப்புறம்தான் இடமாம். அதுவரைக்கும் ரத்தத்தைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா? கடைசியா மில்லர்ஸ் கணவாயில மளிகைக் கடைக்குப் பின்னால இருக்கிற கிளினிக். "பேரை எழுதிக்கிறோம், ஆனா நம்பி இருக்காதீங்க"ன்னாங்க. நான் ஃபோனைப் பிடிச்சுக்கிட்டே அழுதுட்டேன் அக்கா. சுரங்கக் கூரை இடிஞ்சு பாதி நாள் உள்ளே கிடந்தப்பக்கூட அழாதவன்.

அந்த அழுகைதான் வேலை செஞ்சிருக்கு. ரெண்டு நாள்ல அவங்களே கூப்பிட்டாங்க. செவ்வாய்க்கிழமை காலைல இடம் இருக்காம்! போனோம். காத்திருக்கிற அறையில அத்தனை பொம்பளைங்களுக்கு நடுவுல நான் ஒருத்தன்தான் ஆம்பளை. தொப்பியை எங்கே வைக்கிறதுன்னு தெரியல. டாக்டரம்மா சின்னப் பொண்ணு, கை சுத்தம், பேச்சு சுத்தம். "ரொம்ப பயந்துட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. "நான் எதுக்கு பயப்படணும், அவதான்"னேன். ஓனீடா என் கையைப் பிடிச்சிருந்தா. யாரு யாருக்குத் தைரியம் குடுத்துக்கிட்டிருந்தாங்கன்னு டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சுதான் இருக்கும்.

உள்ளே சின்னதா சதை வளர்ந்திருந்தது. எடுத்துட்டாங்க. சோதனைக்கு அனுப்பி, புற்று இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதைக் கேட்டுட்டு வண்டியில வரும்போது எனக்கு ஒண்ணுதான் ஓடிக்கிட்டிருந்தது. சண்டை போட ஆளில்லாத பொம்பளை, செத்த டாக்டருக்கும் மாட்டு வைத்தியருக்கும் ஃபோன் போட்டுட்டு, அப்புறம் என்ன பண்ணுவா? "ஒண்ணுமில்ல"ன்னு சொல்லிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிடுவா. அவ்வளவுதான்.

விடாப்பிடியாக நின்றால் நடக்காதது எதுவுமில்லை என்பதற்கு உன் தம்பியே சாட்சி. உன் பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அத்தானுக்கு என் மரியாதையைச் சொல்லவும். கர்த்தருடைய கிருபை உங்கள் வீட்டுக் கதவை விட்டு அகலாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் பிரியமுள்ள தம்பி
ஹெர்ஷல்

பின்குறிப்பு: அண்ணி, இது ஓனீடா. உறையை ஒட்டச் சொல்லி என்கிட்ட குடுத்தார், படிச்சுட்டேன். அந்த இடம் இவர் அழுததால கிடைச்சதில்ல. கிளினிக்ல ஃபோன் எடுக்கிற பொண்ணோட அம்மா லுரீட்டா, சர்ச்சுல என் பக்கத்துல நின்னு பாடுறவ. இவர் அந்தத் துணியைப் பார்க்கிறதுக்கு முந்தியே நான் அவகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். இவர்கிட்டயும் சொல்லியிருக்கலாம். ஆனா ஃபோன் கையில இல்லாத நேரமெல்லாம் மனுஷன் என் முகத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தார். அதை என்னால தாங்க முடியல. யாரையாவது திட்டிட்டிருந்தாத்தான் கொஞ்சம் தெம்பா இருந்தார். அதான் விட்டுட்டேன். இதை அவர்கிட்ட மூச்சு விடாதீங்க. ஹெர்ஷல் பெரிய கெட்டிக்காரன்னு கேள்விப்பட்டு, ஓடைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ரெண்டு பொம்பளைங்க டாக்டர் வேணும்னு வந்திருக்காங்க. இவர் முகம் கழுவி, நல்ல சட்டை போட்டுக்கிட்டு, இப்ப ஃபோன் முன்னால உட்கார்ந்திருக்கார். கிடைச்சிடும். லுரீட்டாகிட்ட நேத்தே சொல்லிட்டேன்.