கொட்டிலுக்குள் வந்த தடைச்சட்டம்

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.

பெருமதிப்புக்குரிய அத்தான் அவர்களுக்கு,

இங்கு யாவரும் நலம். உங்கள் முழங்காலும் நலம்பெற வேண்டுகிறேன். ஒடியல் மாவுக்குள் ஒளித்து அனுப்பிய சுருட்டுக்கட்டு பத்திரமாக வந்து சேர்ந்தது. ஆனால் அதைப் பிடிக்கத்தான் வழியில்லை.

உங்கள் தங்கை செல்வமலர், சண்டைக்குள்ளிருந்து வந்தவர்களுக்கு நாங்களே இடம் கொடுக்காவிட்டால் யார் கொடுப்பது என்று, மேல் அறையை ஒக்சானா என்ற உக்ரைன் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறாள். நல்ல பிள்ளைதான். வேலையைக் கேளுங்கள்: கம்ப்யூட்டர் வழியாகத் தன் நாட்டு அரசாங்கத்துக்காகப் புகையிலைக் கட்டுப்பாட்டு வேலை! அங்க குண்டு விழுது, இவ சிகரெட் பெட்டியில எச்சரிக்கைப் படம் எவ்வளவு பெரிசா இருக்கவேணும் எண்டு கூட்டம் வைக்கிறா. சைரன் அடிச்சா அங்கத்தைய ஆக்கள், அவவின்ர தம்பியும் சேர்த்து, பங்கருக்குள்ள இறங்கிக் கூட்டத்தைத் தொடருகினம். பங்கருக்குள்ளயும் புகைக்கக்கூடாதாம்! "பிள்ளை, நான் எங்கட ஊர்ச் சண்டையில பங்கருக்குள்ள சுருட்டுப் பிடிச்ச ஆள். முதல்ல சண்டை முடியட்டும், சட்டத்தைப் பிறகு பாப்பம்" எண்டு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில சொன்னன். "குண்டுக்குத் தப்பின ஆக்களைச் சிகரெட்டுக்குக் குடுக்க ஏலாது அங்கிள்" எண்டிட்டா. செல்வமலர் அண்டைக்கே வீட்டுக்கும் தடை போட்டிட்டாள்.

நான் பின்வளவுக் கொட்டிலுக்குள்ள அகதியானன். வியாழக்கிழமை ஒண்டைப் பத்தவைச்சு ரெண்டு இழுவை இழுக்கேல்லை, ஊவெண்டு சத்தம். உடுப்புக் காயப்போட வந்த ஒக்சானாவின்ர போனில, அங்க அடிச்சா இஞ்சயும் அடிக்கிற அவவின்ர ஊர்ச் சைரன் அடிச்சிருக்கு. நானோ, கொட்டிலுக்கும் ஸ்மோக் அலாரம் பூட்டிப்போட்டினம் எண்டு பயந்து சுருட்டை எறிஞ்சன். அது விழுந்தது, தூள் இடிக்க வைச்சிருந்த செத்தல் மிளகாய்ச் சாக்குக்குள்ள. தெரு முழுக்க இருமல். வந்த தீயணைப்புக்காரரும் இருமல். "நாவூறு கழிச்சனாங்கள்" எண்டு செல்வமலர் சமாளிச்சாள். "ஒரு சாக்கு மிளகாய்க்கு உங்களில ஆர் அன்ரி கண் வைச்சது?" எண்டு பக்கத்து வீட்டுக் கோசிகா கேட்டாள்.

ஆகவே அத்தான், மூத்தவர் என்ற முறையில் தங்கைக்குப் போன் எடுத்து, ஒண்டில் தடை போகவேணும், இல்லாட்டி நான் போறன் எண்டு கண்டிப்பாய்ச் சொல்லுங்கோ. அடுத்த சுருட்டுக்கட்டை எள்ளுப்பாகுக்குள்ள வையுங்கோ.

நல்லூரான் உங்கள் எல்லாரையும், முக்கியமாக அந்தச் சுருட்டுக் கடைக்காரரையும், நீண்டநாள் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
புகையற்ற மைத்துனன்
கிருஷ்ணராசா

பி.கு.: மேல உள்ளது காலமை எழுதினது. பின்னேரம் திரும்பவும் சைரன். இந்தமுறை கூட்டத்தில இருந்த தம்பியின்ர முகம் கம்ப்யூட்டரில பட்டெண்டு மறைஞ்சுபோச்சு. ஒரு மணித்தியாலம் பதில் இல்லை. ஒக்சானா கொட்டிலுக்கு வந்து, கையை நீட்டி, "அங்கிள், ஒண்டு தாங்கோ" எண்டா. சுருட்டுக்கட்டை முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கொண்டு, "இஞ்ச புகைக்கத் தடை, மேடம்" எண்டன். அழுதழுது சிரிச்சா. பிறகு தம்பி போன் எடுத்திட்டான், கரண்ட் போனதாம். மிச்சச் சுருட்டைக் குப்பையில போட்டிட்டன். இனி அனுப்பாதேங்கோ அத்தான். அந்தப் பிள்ளை இன்னொருக்காக் கேட்டா, இல்லையெண்டு சொல்ல என்னால ஏலாது.