மேப் பாயும் மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கிடந்த கிணறும்

விதி பதினேழு: தண்ணீர் லாரி ஓட்டுபவர், குறித்த சாலையை விட்டு எக்காரணம் கொண்டும் மணலில் இறங்கக் கூடாது. போர் முடிந்து சில வருடங்களே ஆன குவைத்தில் இதற்கு விளக்கம் தேவையில்லை. மணலுக்குள் கண்ணிவெடி இருந்தது. ஃபஹாஹீலில் எங்கள் அலுவலகத்தில் இதைப் படித்துக் கையெழுத்திட்ட அத்தனை பேரிலும், இதை வெறும் யோசனையாக எடுத்துக்கொண்டவர் மேப் பாய் ஒருவர்தான்.

கீழக்கரைக்காரர். ஃபர்வானியாவில் பழைய சாமான் கடையில் பீங்கான் கோப்பை வாங்கினார். அதைச் சுற்றிக் கொடுத்த தாள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் அச்சிட்ட ஆசியா வரைபடம். கோப்பையைக் கடையிலேயே விட்டுவிட்டுத் தாளோடு வந்தார். ரயில் பாதை, தந்திக் கம்பி, கப்பல் வழி எல்லாம் அதில் இருந்தன. கேம்ப்பில் யாராவது லீவில் கிளம்பினால் விமான டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பஸ்ராவிலிருந்து பம்பாய்க்குக் கப்பலில் எத்தனை நாள் என்று விரலால் அளந்து சொல்வார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வரைபடத்தில் குவைத் வழியாகப் போன ஒட்டகப் பாதையில் ஒரு கிணறு இருந்தது. பக்கத்தில் 'நல்ல தண்ணீர்' என்று பொடி எழுத்து. பாய்க்கு வேலையே தண்ணீர் சுமப்பது. சும்மா இருக்க முடியுமா? மூன்றாவது முறை லாரியை மணலில் இறக்கியபோது சூப்பர்வைசர் பிடித்து, ஊழியர் விவகாரம் பார்க்கும் என் மேஜைக்குக் கொண்டுவந்தார்.

"கலாஸ், முடிஞ்சுது. விசாவை கேன்சல் பண்ணி அனுப்புங்க" என்றார். விதியும் அதுதான். பாயின் மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள்.

"ஏன் பாய் இறங்கினீங்க?"

"கிணறு இருக்கு சார். வாயில கல்லைப் போட்டு மூடியிருக்கு. ஆனா மேப்புல போட்ட எடத்துல இல்ல, மூணு கிலோமீட்டர் தள்ளிக் கெடக்கு. திருத்தச் சொல்லி லண்டனுக்கு லெட்டர் போட்டிருக்கேன்."

"நூறு வருஷம் ஆச்சு பாய். போட்டவன் இருப்பானா?"

"கம்பெனி இருக்கும்ல? தெரிஞ்சும் சொல்லாம இருந்தா, இதை நம்பி ஒட்டகத்துல வர்றவன் தாகத்துல மௌத்தாயிடுவான் சார்."

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். விதி முப்பத்தொன்று: ஊழியர் தம் தரப்புக்கு வெளியிலிருந்து சான்று கேட்டு எழுதியிருந்தால், பதில் வரும்வரை விசாரணையை முடிக்கக் கூடாது. அதன்படி கோப்பில் குறித்து, அவரை மங்காஃப் தார்ச் சாலைக்கு மாற்றினேன். சூப்பர்வைசர் வாரந்தோறும் பதில் வந்ததா என்பார். தபால் பதிவேட்டைத் திருப்பிக் காட்டுவேன்.

உண்மையில் ஐந்தாவது வாரமே அலுவலக முகவரிக்குப் பதில் வந்துவிட்டது. நன்றி, அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம் என்று இரண்டு வரி. என் உத்தியோக காலத்தில் வரவு முத்திரை குத்தாமல் ஒரு கடிதத்தை இழுப்பறையில் போட்டது அந்த ஒரு முறைதான். பாயிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டிவிடுவார்.

மகள் படிப்பை முடித்தாள். பாய் தாமே ராஜினாமா எழுதிக் கொடுத்து, வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு விடைபெற வந்தார். கடிதத்தை எடுத்து, அன்றைய தேதியில் வரவு முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றிவிட்டு நீட்டினேன். இரண்டு தரம் படித்தார்.

"அடுத்த பதிப்பு எப்ப சார்?" என்றார்.

பதிவேட்டை இன்றைக்கு யார் பார்த்தாலும், லண்டனிலிருந்து பதில் வந்த தேதி 1998 ஜூன் 6.