இரண்டரையா, மூன்றா?

“ரெண்டரை இன்ச் போடுவமா, மூணு போடுவமாண்ணே?” என்று ஜீப்புக்கு அடியிலிருந்து தங்கராஜு கேட்டான். வெளியே தெரிந்தது அவனுடைய இரண்டு கால்கள் மட்டும்தான்.

சுப்பையா அந்தக் கால்களைப் பார்த்தே பதில் சொன்னார். “ஜீப் காடி மலை ஏறணும் தம்பி. அதுக்கு எது தோதோ அதப் போடு.”

“இது டர்போ டீசலாச்சே, புகை தாராளமா வெளிய போனாத்தான் இழுவ வரும். இப்ப இருக்கற எக்ஸோஸ் பைப் சின்னது. அதான் கறுப்பா கக்குது. முதல்ல ரெண்டரை போட்டுப் பாப்பம்.”

மெக்கானிக் வாயிலிருந்து ‘போட்டுப் பாப்பம்’ என்று வந்தால் அப்போதே சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். சுப்பையாவுக்கு அந்த விவரம் போதாது. தொழிற்சாலையில் ஸ்டோர் கணக்குப் பார்க்கிற மனிதர், பாவம்.

ஜீப் பழையதுதான். ஆனாலும் வாங்கின அன்று பறந்தது. மறுநாள் எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூஜை போட்டார்கள். அதற்கப்புறம்தான் இந்த மூச்சிரைப்பு. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று மனைவி தனலெட்சுமி அடித்துச் சொன்னாள்.

அவளுக்காகத்தான் வண்டியே. அவளுடைய தங்கை வள்ளியம்மா பாலிக் பூலாவில் மலைமேல் ஒரு டுரியான் பழத்தோட்டத்தில் குடியிருந்தாள். சாதாரணக் கார் அந்த மேட்டில் பாதி தூரம்கூடப் போகாது. தோட்டத்துக்காரர்கள் மோட்டார் சைக்கிளில் ஏறிவிடுவார்கள். முழங்கால் வலிக்காரி தனலெட்சுமியால் நடக்கவும் முடியாது, மோட்டார் சைக்கிளில் உட்காரவும் முடியாது. தங்கை வாசலை மிதித்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே புதுமனை புகுவிழா.

“உன்னக் கொண்டுபோய் அவ வாசல்ல எறக்கறேன். ஏறலன்னா காடிய வித்துடறேன்,” என்று சுப்பையா வாக்குக் கொடுத்திருந்தார். இரண்டாவது பாதியை யாரும் கேட்கவில்லை. அவராகத்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

தனலெட்சுமிக்கு அந்த ஜீப்பில் பிடித்தது ஒன்றே ஒன்று. முன்கண்ணாடி ஓரமாகக் கூரை வரைக்கும் ஒரு கறுப்புக் குழாய் நிமிர்ந்து, முனையில் வளைந்து நின்றது. ஆற்றில் இறங்கினாலும் என்ஜினுக்குக் காற்று போகட்டும் என்று முந்தைய சொந்தக்காரர் வைத்தது. சுப்பையா இதை விளக்கியபோது அவள் காதிலேயே வாங்கவில்லை. அவளுக்கு அது பிள்ளையாரின் தும்பிக்கை. பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தினமும் காலையில் அதற்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு.

இரண்டரை அங்குலக் குழாயோடு சுப்பையா ஆயர் ஈத்தாம் மேட்டில் ஏற்றிப் பார்த்தார். சைக்கிள்காரன் ஒருவன் மணியடித்து வழி வாங்கிக்கொண்டு முந்திப் போனான். வீட்டுக்கு வந்து சோபாவில் விழுந்தார்.

“என்னாச்சுங்க?”

“முன்ன இருந்ததுக்கு இப்ப இன்னும் மோசம்.”

தனலெட்சுமி வெளியே போனாள். தும்பிக்கைக்கு முன்னால் கண்ணை மூடி வெகுநேரம் நின்றுவிட்டு வந்தாள். “பிள்ளையார்கிட்ட சொல்லிட்டேன். அடுத்த தடவ சரியாயிடும்,” என்றாள்.

தொழிற்சாலையில் திருநாவுக்கரசு என்று ஒரு கிளார்க். சைக்கிள் தவிர வேறு எதையும் ஓட்டியறியாதவர், அதனால் எல்லா வண்டியைப் பற்றியும் பேசுவார்.

“ரெண்டரையெல்லாம் பத்தாது லா. மூணு போடுங்க. மூச்சு முட்டுது அதுக்கு.”

மூன்று போட்டார்கள். கிளப்பியதும் தெருவில் இருந்த நாய்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடின. பக்கத்து வீட்டு ஹாஜரா வேலியோரம் வந்து நின்றாள்.

“சுப்பையாண்ணே, நீங்க வேலவிட்டு வர்றது பஸ் ஸ்டாண்டுலயே கேக்குது. சத்தம் கேட்டதும் உலை வைக்கறேன். அது ஒண்ணுதான் எனக்கு லாபம்.”

சத்தம் போன வேகத்துக்கு வண்டி போகவில்லை. மேட்டில் ஏறும்போது பின்னால் வந்த பஸ் புகைக்குள் மறைந்தே போனது. அன்றைக்கும் தனலெட்சுமி வெளியே போய்த் தும்பிக்கையிடம் பேசிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை தங்கராஜு தாடையைச் சொறிந்தான். “பைப் பெருசானதுல அழுத்தம் போச்சுண்ணே. ரெண்டேகால் போடுவம்.”

“முதல்ல இருந்ததே ரெண்டேகால்தானே?”

“ஆமா. ஆனா அது பழசு லா.”

மறுநாள் விழா. சுப்பையா தலையாட்டினார்.

ஞாயிறு காலை தனலெட்சுமி பட்டுச்சேலை கட்டி, மடியில் சீர்த்தட்டோடு ஏறி உட்கார்ந்தாள். தட்டில் குத்துவிளக்கு, பழம், சர்க்கரை. பாலிக் பூலாவைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியது. ஜீப் முதல் வளைவில் முனகியது, இரண்டாவதில் இருமியது, மூன்றாவதில் கரும்புகையைக் கக்கிவிட்டு நின்றே போனது. டுரியான் மரங்களுக்கு நடுவே மேலே மாவிலைத் தோரணம் தெரிந்தது. நாதஸ்வர கேசட் சத்தம்கூடக் கேட்டது. அவ்வளவு பக்கம்.

சுப்பையா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். அவருக்கு அழுகை வந்தது.

“முடியல லெட்சுமி. என்னென்னமோ பைப் மாத்திப் பாத்துட்டேன். நாளைக்கே வித்துடறேன்.”

தனலெட்சுமி அவர் கையைப் பிடித்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை. “விக்கக் கூடாது. என் கால் இப்படி ஆனதுக்கப்புறம் என்னைய எங்கயாவது கூட்டிட்டுப் போவணும்னு நெனச்சது நீங்க மட்டும்தான். பிள்ளையார் கைவிட மாட்டாரு.”

தட்டை இருக்கையில் வைத்தாள். கைப்பையிலிருந்து சின்ன மஞ்சள் துணி ஒன்றை எடுத்து, அதில் ஒரு வெள்ளிக் காசை வைத்து இறுக்கி முடிந்தாள். கதவைத் திறந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு படிமேல் ஏறி நின்றாள். முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தும்பிக்கையின் வாய்க்குள் போட்டாள். அது உள்ளே போகவில்லை. விரலால் தள்ளினாள், குடைக்காம்பால் குத்தினாள், எதற்கும் அசையவில்லை.

சுப்பையா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ன லெட்சுமி பண்ற அங்க?” என்று கேட்டார்.

“எடமே இல்லங்க,” என்றாள் தனலெட்சுமி. “பூஜை அன்னிக்கு ஒண்ணு, அப்புறம் நீங்க பைப் மாத்தி மாத்தித் தோத்து வந்தப்ப ரெண்டு, நான் வேண்டிக்கிட்டுப் போட்ட மூணு காசு முடிச்சும் அப்படியே உள்ள நிக்குது.”