சிங்கத்தின் கடவுச்சொல்

மேஜை யாருக்கு என்பதுதான் வழக்கு. அதில் என் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அந்த இடம் தன் தையல் மெஷினுக்கு வேண்டும் என்கிறாள் மனைவி.

கம்ப்யூட்டரில் புது சிஸ்டம் ஏற்றினேன். ஏறியது. ஆனால் படம் இல்லை, மவுஸ் அம்பு இல்லை. கறுப்புத் திரை. மூலையில் ஒரு வெள்ளைக் கோடு, கண்ணடித்துக்கொண்டு. படம், அம்பு எல்லாம் சிஸ்டம் வந்த டிஸ்கிலேயே இருக்கிறதாம். கட்டளை அடித்தால்தான் வருமாம்.

அடிக்கிறேன். ஆபீசில் நூறு பேருக்குக் கட்டளை போட்டவன் நான்.

"சாயங்காலத்துக்குள்ள படம் வரலேன்னா மேஜையை எடுத்துக்கோ."

"வந்தா?"

"மேஜை கம்ப்யூட்டருக்கு. நீ வாயைத் திறக்கக் கூடாது."

"சரிங்க."

அவள் உடனே ஒத்துக்கொண்டது கல்யாணத்துக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை.

டிஸ்கைப் போட்டேன். பெயர் கேட்டது, அடித்தேன். கடவுச்சொல் கேட்டது, அடித்தேன். ஓர் எழுத்துகூட விழவில்லை. மறுபடி அடித்தேன், ஆணி அறைவதுபோல், உரக்கச் சொல்லி. "எஸ்! ஐ! என்! ஜி! ஏ! எம்!"

ம்ஹூம்.

"ஏய், கீபோர்டைத் தண்ணி போட்டுத் துடைச்சியா? செத்துப் போச்சு!"

ஈரக் கையோடு வந்தாள். "பேர் அடிச்சப்ப எழுத்து வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்புறம் எப்படிச் செத்துச்சு? ரகசியத்தை எவனாவது ஊருக்குக் காட்டுவானா? சத்தமில்லாம உள்ள வாங்கிக்குது. நகருங்க."

என்டரைத் தட்டினாள். தப்பு என்றது.

"ரெண்டு சிங்கம் உள்ள போயிருக்கு. அதான்."

"என் கடவுச்சொல் உனக்கு எப்படித் தெரியும்?"

"தெருவுக்கே தெரியும். கர்ஜிச்சீங்களே."

ஒரே ஒரு சிங்கத்தை அடித்தாள். உள்ளே விட்டது. கட்டளையை நான் சொன்னேன், அவள் அடித்தாள். 'டிஸ்கைப் போட்டு என்டரைத் தட்டவும்' என்றது திரை.

"போட்டாச்சுடா மடையா!" என்று கத்தினேன்.

அவள் என்டரைத் தட்டினாள்.

டிஸ்க் உறுமியது. வரிவரியாக ஓடியது. அணைந்து எழுந்தது. மறுபடி சிங்கம் கேட்டது, கொடுத்தாள். வந்துவிட்டது படம்! நீல வானம், பச்சை மலை, மவுஸ் அம்பு, எல்லாம். மேஜை பிழைத்தது.

அவள் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. அங்கே இங்கே சொடுக்கினாள். ஒரு கட்டம் வந்தது. படபடவென்று அடித்தாள். வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள்.

"என்ன பண்றே?"

"ஊருக்கே தெரிஞ்ச சொல்லை வெச்சுக்கலாமா? மாத்திட்டேன்."

"நல்லது. ஆனா மேஜை கம்ப்யூட்டருக்குத்தான்."

"யார் இல்லேன்னா? தையல் டிசைன் பாக்க எனக்கும் இதுதான் வசதி."

"சரி சரி. புதுச் சொல் என்ன?"

"உங்க கண்ணு முன்னாலதானே அடிச்சேன். பாக்கலையா?"