கயிற்றில் தொங்கிய கருப்பு

மனுஷ உடம்பிலிருந்து கருப்பைத் தனியே பிரித்து எடுக்கிறாராம்! எடுப்பது மட்டுமா, எடுத்த கருப்பைத் துணியில் ஒற்றிக் கையிலேயே கொடுத்துவிடுகிறாராம்!

ஐந்தாம் ஜார்ஜ் சக்கரவர்த்தி டில்லியில் முடிசூட்டிக்கொண்ட வருஷம் அது. திருநெல்வேலியில் அதைப் பற்றிப் பேச நாதியில்லை. பேச்செல்லாம் சிந்துபூந்துறை ஆற்றங்கரை மண்டபத்தில் வந்து இறங்கியிருந்த சொர்ணமேனிச் சுவாமிகளைப் பற்றித்தான். ஒரு காலத்தில் அவர் காக்காய்க்கு அண்ணனாக இருந்தாராம். பொதிகை மலையில் பன்னிரண்டு வருஷம் தவம் செய்து இப்படிப் பழுத்த எலுமிச்சம்பழமாக ஆனாராம். மலையில் அவரைக் கருப்பாகப் பார்த்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் பாவம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். ஆழ்வார்குறிச்சியிலிருந்து இரண்டு நாள் முன்பே வந்து இடம் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு பாளையங்கோட்டை வேதமுத்து உபதேசியார் தம் மூன்று பெண்களோடு வந்து நின்றார். விக்கிரகத்தைக் கும்பிடுவது அஞ்ஞானம் என்று காலையில் பிரசங்கம் செய்தவர், சாயங்காலம் சுவாமிகளின் தீர்த்தச் செம்புக்கு முன்னால் பயபக்தியோடு உட்கார்ந்திருந்தார். சுவாமிகளும் சாதி மதம் பார்ப்பவர் அல்ல. யார் காணிக்கை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார்.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். மண்டபம் நிறையப் பெண்கள்தான். கூட்டி வந்த அப்பன்மாரும் அண்ணன்மாரும் அடுப்புக் கரியைப் போல நிறம் கொண்டவர்கள். அவர்களில் ஒருவர்கூடத் தம் கன்னத்தை நீட்டவில்லை. ஆண்பிள்ளை கருத்தால் அது களை. பெண்பிள்ளை கருத்தால் அது கர்மவினை.

வினை தீர்க்கும் முறை இது. முதலில் சஞ்சீவித் தீர்த்தம் என்று லேசான மஞ்சள் நிறத்தில் ஒரு தண்ணீரைப் பெண்ணின் முகத்தில் தடவுவார்கள். அது உலரும்வரை பஜனை. பிறகு சுவாமிகள் இன்னொரு செம்பில் ஊறும் வெள்ளைத் துணியை எடுத்துப் பிழிந்து, கண்ணை மூடி, முகத்தை ஒரு துடை துடைப்பார். துணி கன்னங்கரேலென்று வரும்! முகமும் முன்னைவிட மோசமாகக் கருத்திருக்கும். "பார்த்தீர்களா, உள்ளே கிடந்தது மேலே ஏறி வருகிறது!" என்பார் சுவாமிகள். உடனே சிஷ்யன் சுடலைமாடன் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து தேய்ப்பான். ஏறின கருப்பு மாயமாகும். மேலே கொஞ்சம் பச்சரிசி மாவு. பெற்றவள் பார்த்து, "ஏ யம்மா, என் பிள்ளையா இது!" என்று வாயைப் பிளப்பாள்.

கருத்த துணியைத் தூக்கிப் போடமாட்டார்கள். பெண்ணின் பெயர் எழுதின ஓலை நறுக்கைச் சேர்த்து, மண்டபத் தூண்களுக்கு நடுவே கட்டின கயிற்றில் தொங்கவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். ஜாதகம்கூட அப்புறம்தான்.

"ஏழு துணி எடுத்தாச்சு. இனிமே பிள்ள ஒடம்புல கருப்புங்கது பேருக்குக்கூடக் கெடையாது" என்பார்கள் பெண் வீட்டார்.

"ஏழு துணி வந்துருக்குன்னா, எம்புட்டுக் கருப்பு இருந்துருக்கணும்!" என்பார்கள் மாப்பிள்ளை வீட்டார்.

அந்த ஏழு துணிக்குச் சொந்தக்காரி இசக்கித்தாய். ஜவுளிக்கடை ஐயம்பெருமாளின் ஒரே மகள். வயது பதினாறு. அம்பாசமுத்திரத்து ஞானம்பாள் தன் மகனுக்கு அவளைப் பார்த்துவிட்டு, "லெட்சணம் இருக்கு, நெறந்தான் கொறச்சல். தைக்குள்ள ஏறுனா பாப்போம்" என்று சொல்லிப் போயிருந்தாள். நிறம் என்ன, ஆற்றில் வெள்ளமா, தைக்குள் ஏறுவதற்கு?

ஏழு துணிக்கும் மசியாத கருப்புக்குக் கடைசி வைத்தியம் ஒன்று உண்டு. ரசலேபம். வெண்ணெய் போலிருக்கும் ஒரு பாதரசக் களிம்பு. பூசினால் பழைய தோல் உரிந்து புதுத் தோல் வரும், சர்ப்பத்துக்கு வருவதுபோல. அந்த வெள்ளிக்கிழமை இசக்கித்தாய்க்கு ரசலேபம் என்று நாள் குறித்தாகிவிட்டது. ஞானம்பாளும் கண்ணாரப் பார்க்க வந்துவிட்டாள்.

அன்றைக்குத்தான் மேலப்பாளையத்துச் சாயக்காரி ஜனாபா சாயம் போட்ட நூலைச் சுமந்துகொண்டு ஐயம்பெருமாள் கடைக்குப் போனாள். புருஷன் இறந்தபின் சாயத் தொட்டியைத் தானே நடத்துகிறவள். முதலாளி மகளுக்கு லேபம் பூசப் போயிருக்கிறார் என்று கணக்கப்பிள்ளை சொன்னதும், நூல்கட்டை அங்கேயே போட்டுவிட்டு ஆற்றங்கரைக்கு ஓடினாள்.

மண்டபத்தில் இசக்கித்தாயின் முகத்தைக் கழுவி உட்கார வைத்திருந்தார்கள். சுவாமிகள் லேபக் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, நிறுத்தச் சொல்லுங்க!" என்று கத்திக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து வந்தாள் ஜனாபா. "எங்க நாத்துனா ஜமீலாவுக்குப் போன மாசம் இதத்தான் பூசுனாவ. கன்னம் வெந்து தொலி உரிஞ்சு கெடக்கா. வாயில எச்சி நிக்காம வடியுது. பல்லு ஆடுது அண்ணாச்சி! கஞ்சியத் தவிர ஒண்ணும் எறங்கல."

கூட்டம் சலசலத்தது. சுவாமிகள் சிரித்தார். "பயப்படாதே அம்மா. மிச்சமிருக்கும் கருப்பு எச்சில் வழியாக வெளியேறுகிறது."

"எச்சி வெள்ளையாத்தான் இருக்கு சாமி."

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சாமிக்கிட்ட எதுத்துப் பேச வந்துட்டா!" என்று பாய்ந்தான் சுடலைமாடன். "ஏளா, மொதல்ல ஒன் கையப் பாரு. மொழங்கை வரைக்கும் கரிச்சட்டி மாரி இருக்கு. இவ நெறத்தப் பத்திப் பேசுதா!"

ஜனாபா தன் கையைப் பார்த்தாள். பிறகு தலைக்கு மேலே தொங்கிய துணிகளைப் பார்த்தாள். ஒன்றை எட்டிப் பிடித்து விரலால் நெருடினாள். அதன் ஓரத்தைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். இருபது வருஷமாகத் துணியைத் தொட்டுச் சம்பாதிக்கிற விரல்கள் அவை.

"இது யாரு கருப்பு?"

"இந்தப் பிள்ளையோடதுதான். ஏழும்" என்றான் சிஷ்யன் பெருமையாக.

ஜனாபா துணியை உருவிக்கொண்டு படித்துறையில் இறங்கினாள். சவுக்காரம் போட்டாள். கல்லில் நாலு அடி அடித்தாள். கொண்டுவந்து ஐயம்பெருமாள் முகத்துக்கு நேரே விரித்தாள். துணி முன்னைப் போலவே அட்டைக் கருப்பாக இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க துணிக்காரவுக. ஒடம்புல உள்ளதுன்னா கல்லுல அடிச்சாப் போயிரும்லா? இது ஏன் போகல? இது என் தொட்டியில உள்ள சாயம். கடுக்காத் தண்ணியில நனச்சு அன்னபேதி உப்புத் தண்ணியில முக்குனா இப்படித்தான் கருக்கும். ஒங்க கடைச் சேலைக் கரையெல்லாம் என்ன கருப்புன்னு நெனச்சிய? அந்த மஞ்சத் தீர்த்தம் கடுக்கா. இந்தச் செம்புல இருக்கது அன்னபேதி. எலுமிச்சம் புளிப்புப் பட்டாத்தான் மூஞ்சியில இருந்து விடும். என் கை கருத்ததும் அதுலதான்."

ஐயம்பெருமாள் துணியை வாங்கித் தடவிப் பார்த்தார். ஜில்லாவிலேயே பெரிய ஜவுளி வியாபாரி. சாயத்தைப் பார்த்ததும் ஊர் பேர் சொல்லுகிறவர். தினம் ஒன்றாக ஏழு நாள் தம் பெண்ணின் துணியை இதே கயிற்றில் பார்த்து ஆனந்தக் கண்ணீர் விட்டவர். கண்ணீர் வந்தால் கண் தெரியாதுதானே!

அப்போது வக்கீல் தில்லைநாயகம் எழுந்தார். எம்.ஏ., பி.எல். அவருடைய தங்கைக்கும் கயிற்றில் நாலு துணி இருந்தது.

"இதோ பாரு பீவி, சாயமும் கருப்பாக இருக்கலாம், கர்மமும் கருப்பாக இருக்கலாம். இரண்டும் ஒன்று என்று ருசுவாகுமா? ஒனக்குச் சாஸ்திரம் தெரியுமா?"

"எனக்குச் சாயந்தான் தெரியும் வக்கீலய்யா. வழக்கு வேண்டாம். கருப்பே இல்லாத ஒண்ணுல சாமி தொடச்சுக் காட்டட்டும். துணி வெள்ளையா வந்துட்டா நான் கால்ல விழுதேன்."

படித்துறையில் ஒருத்தி கூடையில் வாத்து முட்டை விற்றுக்கொண்டிருந்தாள். ஜனாபா அதில் ஒன்றை வாங்கினாள். பால் போல வெள்ளை முட்டை. எல்லோரும் பார்க்கத் தீர்த்தத்தைத் தடவினாள். ஊதி உலர்த்தினாள். சுவாமிகளின் செம்பிலிருந்தே துணியை எடுத்து ஒரு துடை துடைத்தாள்.

துணி கருத்தது. முட்டையும் கருத்தது.

"இப்பச் சொல்லுங்க. இது யாரு செஞ்ச கர்மம்?"

பக்தி சும்மா விடுமா? பின்னால் ஒரு குரல் எழுந்தது: "கருத்த வாத்து இட்ட முட்டையா இருக்கும்வே!"

"அதான பாத்தேன்!" என்றார்கள் நாலு பேர், நிம்மதியாக. வக்கீல்கூடத் தலையை ஆட்டினார். எம்.ஏ., பி.எல்.!

சுவாமிகளுக்கு உயிர் வந்தது. "முட்டைக்கும் ஜன்மம் உண்டு. நேரம் ஆகிறது" என்று கிண்ணத்தில் விரலைவிட்டு, லேபத்தை வழித்து எடுத்து, இசக்கித்தாயின் கன்னத்துக்கு நேரே நீட்டினார். ஐயம்பெருமாள் வாயைத் திறந்தார். ஊர் பார்க்கிறதே என்று மூடிக்கொண்டார்.

இசக்கித்தாய் அந்த விரலைப் பார்த்தாள். அதில் மெழுகுச் சீலை சுற்றியிருந்தது. பெண்ணின் கன்னத்துக்கு நல்லதாம், சாமியின் விரலுக்கு ஆகாதாம்!

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பக்கத்திலிருந்த மஞ்சள் தீர்த்தத்தை அள்ளிச் சுவாமிகளின் கன்னத்தில் அறைந்த மாதிரி அப்பினாள். செம்பிலிருந்த துணியை எடுத்து ஒரே இழுப்பு.

பன்னிரண்டு வருஷத் தவம் ஒரு நிமிஷத்தில் கருத்தது. ஒரு கன்னம் எலுமிச்சம்பழம், மறு கன்னம் அடுப்புக் கரி.

"இவர எந்த வாத்து இட்டுச்சு?" என்றாள் ஜனாபா.

மண்டபமே இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு எழுந்தது. "எலுமிச்சம்பழம்! ஏலே, எலுமிச்சம்பழம்!" என்று அலறினார் சுவாமிகள், செந்தமிழெல்லாம் பறந்துபோக. சிஷ்யன் தேடினான். பழக்கூடையின் மேல் ஜனாபா காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். சுவாமிகள் ஆற்றில் குதித்து மணலை அள்ளித் தேய்த்தார். போகவில்லை. கெட்டிச் சாயம். குருவும் சிஷ்யனும் ஈர வேட்டியோடு ரயில் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். டிக்கெட் வாங்குகிற இடத்திலேயே போலீஸார் பிடித்தார்கள். அடையாளம் கேட்க வேண்டிய சிரமம் அவர்களுக்கு இருக்கவில்லை.

"எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்தான்" என்றார் வக்கீல்.

இதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறீர்களா? சாமியார் போனால் சாமியாரை அழைத்தவர்கள் போய்விடுவார்களா?

கூட்டம் கலைந்தபின் ஞானம்பாள் ஐயம்பெருமாளிடம் வந்தாள். முகத்தில் பெரிய நியாயஸ்தி பாவனை. "சாமியார் கள்ளனாவே இருக்கட்டும் அண்ணாச்சி. அதுக்காவப் பிள்ள வெளுத்துருவாளா? தோலு உரியுதுன்னுதான அந்தச் சாயக்காரியும் சொன்னா. உரிஞ்சா புதுசு வரும்லா? லேபந்தான் கிண்ணத்துல மிச்சம் கெடக்கே. பைய, கொஞ்சமாப் பூசிப் பாத்தா என்ன?"

ஐயம்பெருமாள், நம்புங்கள், யோசித்தார்!

இசக்கித்தாய் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நேரே ஞானம்பாளிடம் வந்தாள்.

"கொண்டுபோங்க அத்த. ஒங்க மவனும் என் நெறந்தான, ஒரு சொட்டுக் கூடவே இருக்கும். மொதல்ல அவுகளுக்குப் பூசுங்க. அவுக வெளுத்ததும் நான் பூசிக்கிடுதேன்."

ஞானம்பாள் பாம்பைக் கண்டவள் போலப் பின்னால் துள்ளினாள். "எட்டி, கொண்டு போ அங்கன! எம் பிள்ள மூஞ்சி வெந்து போகாதா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மண்டபத்தில் மிச்சமிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள்.

"அப்ப என் மூஞ்சி வேகாதோ?" என்றாள் இசக்கித்தாய்.

ஐயம்பெருமாள் தலை குனிந்தபடியே மகள் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினார். ஆற்றோரம் குழி தோண்டி அதைப் புதைத்து, மேலே கல்லை வைத்து, "வண்டியில ஏறுங்க, நேரமாச்சு" என்று சம்பந்தியாக வரவிருந்தவளிடம் சொன்னார்.

தோலைத் தேய்த்துத் தேய்த்து இரத்தம் காணுகிற ஜனங்களே, முகம் எந்த நிறமாக இருந்தாலும் அதற்குப் பின்னால் மூளை என்று ஒன்று இருக்கிறது. அதையும் ஒரு தடவை தேய்த்துப் பாருங்கள். வெளுக்காது, ஆனால் வேலை செய்யும்.